இருபதுக்கே எறியிற ஆம்பிளையள்

என்ரை குஞ்சு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. வாசிச்சு முதல்ல சிரிச்சன், பேந்து உன்னை நினைக்கப் பாவமாயும் இருந்தது. கனடாவில இருந்து வந்த மச்சான் தூக்கிக்கொண்டு வந்து குடுத்த டார்ட்ஸ் பலகை உன்ரை விறாந்தையைப் பிடிச்சுப் போட்டுது, மனுசன் வேலையால வந்து தேத்தண்ணி வாயில வைக்கமுதல் அம்பைக் கையில எடுக்கிறார், சுவர் முழுக்கப் பொத்தல், கை மட்டும் தேறுற பாடாயில்லை, அந்தக் கொதியெல்லாம் உனக்குத்தான் எண்டு எழுதியிருக்கிறாய். "உங்க ஸ்ட்ரோம்மனிலயும் எங்கட ஆக்கள் விளையாடுகினம் எண்டு சொன்னியே, கேட்டு எழுதடி" எண்டும் கேட்டிருக்கிறாய். கேட்டு எழுத என்ன இருக்கு, பார்த்துப் பார்த்து எனக்கே பாடம்.

இஞ்சத்தைக் கதையைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். ஸ்ட்ரோம்மன் ஒஸ்லோவில இருந்து எல்-1 ரயிலில வந்திறங்கிற இடம். முந்தி ஆத்தோரம் மரம் அரியிற ஆலையள் இருந்ததாம், 1873-ல ரயில் பெட்டி செய்யிற தொழிற்சாலை வந்ததாம், ஒஸ்லோத் தெருவில ஓடின பழைய டிராம் வண்டியள் கொஞ்சமும் இஞ்ச செய்ததுதான். இப்ப ஊர்ப் பேரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவு வாறது 1985-ல திறந்த ஸ்ட்ரோம்மன் ஸ்டூர்சென்டர் எண்ட பெரிய கடைத்தொகுதிதான், அதுவும் ஞாயிறெண்டால் பூட்டு. டிசம்பரில காலமை ஒன்பதேகாலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், பின்னேரம் மூண்டேகாலுக்கு ஆளைக் காணேலாது. வாசலில பனி அள்ளி அள்ளி நாரி முறிஞ்ச மனுசர், அந்த நீட்டு இருட்டில என்னதான் செய்வினம்? வெள்ளிக்கிழமை எண்டால் எங்கட ஆம்பிளையள் ஆற்றையாவது வீட்டு நிலவறையில கூடிவிடுவினம். சீட்டு விளையாடின காலம் போட்டுது, இப்ப டார்ட்ஸ். டிசம்பர் நடுவில இருந்து ஜனவரி பிறந்து ரெண்டு மூண்டு நாள் மட்டும் லண்டன் அலெக்சாண்ட்ரா பலஸில நடக்கிற உலகச் சம்பியன் போட்டியை ரீவியில பார்த்து வந்த வியாதி இது. இந்த நாட்டில வீட்டுக்குள்ள சப்பாத்துப் போடுறேல்லைத்தானே, கம்பளிக் காலுறையோட நிண்டு எறியினம், பலகையில குத்தாமல் அம்பு தெறிச்சு விழேக்க ஒவ்வொருத்தரும் துள்ளுற துள்ளலைப் பார்க்க நீ ஒருக்கா இஞ்ச வரவேணும்.

சரி, விசயத்துக்கு வாறன். ஏன் இவையள் தேறுகினமில்லை? என்ரை இவர் சொல்லுறார் பயிற்சி காணாதாம். அது பொய்யடி. பயிற்சி கனக்க, பயிற்சி செய்யிற இடம்தான் பிழை. எல்லாரும் இருபதுக்கே எறிவினம். பலகையின்ரை உச்சியில இருபது இருக்கு, அதுக்குள்ள ஒரு மெல்லிய வளையம், அதில பட்டால் மூண்டு மடங்கு, அறுபது. மூண்டு அம்பும் அதுக்குள்ள போனால் நூற்றெண்பது, உடன எல்லாரும் கூக்குரல் போட்டு முதுகில தட்டுவினம். அந்தக் கூக்குரலுக்காகத்தான் முழு இரவும் எறியிறது. ஆனால் அந்த வளையத்தின்ரை அகலம் எவ்வளவு தெரியுமே? எட்டு மில்லிமீற்றர். இருபதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது ஒண்டும் அஞ்சும். கை கொஞ்சம் தளம்பினாலும் தண்டனை கிடைக்கவேணும் எண்டுதான் இலக்கங்களை அப்பிடி அடுக்கியிருக்கு. அதால எங்கட ஆக்களுக்கு ஒவ்வொரு முறையும் வாறது இருபது, அஞ்சு, ஒண்டு, கூட்டினால் இருபத்தாறு. இங்கிலாந்தில இந்த இருபத்தாறுக்கு "படுக்கையும் காலைச் சாப்பாடும்" எண்டு ஒரு பட்டப்பேர் இருக்கு, பழைய காசில ரெண்டு சிலிங் ஆறு பென்ஸுக்கு ஒரு இரவு தங்கிச் சாப்பிடலாமாம். எங்கட நிலவறையில அந்தச் சாப்பாடு ஒரு இரவுக்கு நூறு தரம் பரிமாறப்படுது.

இதைப் பற்றிப் படிச்ச ஆக்களே கணக்குப் போட்டிருக்கினம், கேள். அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில இருந்த ரயன் டிப்ஷிரானி எண்டவரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2011-ல ஒரு புள்ளிவிபர ஆய்வு வெளியிட்டவை. கை நல்லாய் நேரா இருக்கிறவனுக்குத்தான் இருபதின்ரை மூண்டு மடங்கு லாபம். கை கொஞ்சம் தளம்புறவன் பத்தொன்பதுக்கு எறியிறது மேல். இன்னும் தளம்பினால் பலகையின்ரை நடுவுக்குக் கொஞ்சம் கீழ, இடப்பக்கமாய்க் குறி வைக்கிறதுதான் புத்தியாம். இதை எங்கட மகன் இன்டர்நெட்டில எடுத்து வாசிச்சுக் காட்டினவன். ஒருத்தரும் கேக்கேல்லை. "உது பழகிறவைக்கு" எண்டார் ஒரு அண்ணை, பதினைஞ்சு வருசமாய்ப் பழகிற அண்ணை!

அந்த அண்ணை பஸ் ஓட்டுறவர், நல்ல மனுசன், ஆனால் தோத்தால் ஒரு நாளும் கையில குற்றமில்லை, எப்பவும் அம்பிலதான் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம், அந்தக் கதைதான். 23 கிராம் பாரம் எண்டு 21 வாங்கினார், பேந்து அது லேசு எண்டு 25 வாங்கினார், இப்ப வால் இறகு சரியில்லையாம். டங்ஸ்டன் அம்பு விலை கூடத்தான், ஏனெண்டால் அந்த உலோகம் பாரம், அதால அம்பின்ரை உடம்பை மெல்லிசாய்ச் செய்யலாம், மெல்லிசெண்டால் மூண்டும் அந்த எட்டு மில்லிமீற்றருக்குள்ள நெருங்கி நிற்கும். மூண்டும் அங்க போறவைக்குத்தானேடி அந்த விலை? இவருக்கு ஒண்டு மேசைக்குக் கீழ, ஒண்டு சுவரில. உன்ரை மனுசனுக்கும் சொல்லு, உள்ள அம்பை வைச்சு ஒரு வருசம் எறியட்டும்.

இன்னொரு தம்பி, இஞ்சயே பிறந்தவன், கணினி வேலை. அவன்ரை வருத்தம் வேற. கிழமைக்கு ஒரு புதுப் பிடி. மைக்கல் வான் கெர்வன் கெதியா எறியிறார் எண்டு தானும் மூண்டு நொடியில மூண்டையும் விட்டெறிவான், அடுத்த வெள்ளி மென்சூர் சுல்யோவிச்சைப் பார்த்துப்போட்டு வந்து, அவர் ஆறுதலா எறியிறவர், இவனும் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டபடி நிற்பான், பின்னால நிக்கிறவைக்குக் கொட்டாவி வரும். தன்ரை கையைப் போனில படம் பிடிச்சு ஆறுதலா ஓடவிட்டும் பார்க்கிறான். பார்க்கிறது நல்லதுதான், ஆனால் ஒரு பிடியை ஆறு மாசம் வைச்சிருந்தால்தானே படத்தில பார்க்கிறதுக்கு ஏதாவது இருக்கும்.

ஆனால் குஞ்சு, இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் டபிள். உனக்கு ஆட்டம் தெரியுமோ தெரியாது, 501-ல தொடங்கி, எறியிற ஒவ்வொண்டையும் கழிச்சுக்கொண்டு வந்து, சரியாய்ப் பூச்சியத்தில முடிக்கவேணும், கடைசி அம்பு வெளி வளையத்தில, அதுதான் டபிள், அதில குத்தவேணும், நடுப் புள்ளியில குத்தினாலும் சரி. கூடப் போனாலோ ஒண்டு மிஞ்சினாலோ அந்த முறை எறிஞ்சது செல்லாது. இதுக்கு ஒருத்தரும் பயிற்சி எடுக்கிறேல்லை. ஏனெண்டால் தனிய நிண்டு டபிளுக்கு எறிஞ்சால் கைதட்ட ஆளில்லை, பத்துக்கு ஒன்பது வெளிய போகும், வெக்கம். நூற்றெண்பது எறிஞ்சவர் நூற்றெண்பது எறிஞ்ச கதையை ஒரு மாசம் சொல்லுவார், அந்த ஆட்டத்தில தான் தோத்ததைச் சொல்லமாட்டார். ஆரோ ஒருத்தர் இருபத்தாறு இருபத்தாறாய் ஊர்ந்து வந்து முப்பத்திரண்டில முடிச்சுப்போட்டுப் போயிருப்பார்.

பெரிய ஆக்களே இதிலதான் விழுந்தவை. 2024 ஜனவரி 3, லண்டனில இறுதி ஆட்டம், லூக் லிட்லர் எண்ட பொடியனுக்கு அப்ப பதினாறு வயசு, நாலுக்கு ரெண்டு எண்டு முன்னுக்கு நிண்டவன். அஞ்சுக்கு ரெண்டு ஆக்கிறதுக்கு டபிள் ரெண்டில ஒரு அம்பு குத்தவேணும். குத்தேல்லை. எதிர்ப்பக்கம் நிண்ட லூக் ஹம்ஃப்ரீஸ் அதில பிடிச்சு அஞ்சு செட்டையும் அடுத்தடுத்து எடுத்து ஏழுக்கு நாலு எண்டு முடிச்சார். அதுக்கு முதல் வருசம் இன்னும் மோசம், வான் கெர்வன் எட்டு அம்பு பிசகாமல் எறிஞ்சு, ஒன்பதாவதை டபிள் பன்னிரண்டில விட்டுட்டார், உடன மைக்கல் சிமித் வந்து ஒன்பதையும் பிசகாமல் எறிஞ்சு, அதே டபிள் பன்னிரண்டில முடிச்சவர். நான் சோபாவில இருந்து கத்தின கத்தில மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினவை. லிட்லர் அடுத்த வருசமே, பதினேழு வயசில, அதே வான் கெர்வனை ஏழுக்கு மூண்டு எண்டு வெண்டு சம்பியன் ஆனான், ஆம்பிளையள் அந்த வெற்றியைத்தான் கதைப்பினம், டபிள் ரெண்டைக் கதைக்கமாட்டினம்.

டபிளோட சேர்ந்தது கணக்கு. இந்த இடத்தில எனக்குக் கொதி வரும். முப்பத்திரண்டு மிஞ்சினால் டபிள் பதினாறு. தவறி உள்ளுக்க ஒற்றைப் பதினாறில பட்டால் பதினாறு மிஞ்சும், டபிள் எட்டு. திரும்பத் தவறினால் எட்டு, டபிள் நாலு. இன்னும் தவறினால் டபிள் ரெண்டு, டபிள் ஒண்டு. பாதி பாதியாய் உடைஞ்சு கொண்டு போகும், இடையில ஒற்றை எண் வந்து குழப்பாது. நாற்பதில நிண்டால் இருபது, பத்து, அதுக்குப் பிறகு அஞ்சு வந்து நிற்கும், திரும்ப ஒண்டோ மூண்டோ எறிஞ்சு சரிக்கட்ட வேணும். அப்ப அம்பத்திரண்டு மிஞ்சேக்க இருபதுக்கு எறிஞ்சு முப்பத்திரண்டை விடுறதா, பன்னிரண்டுக்கு எறிஞ்சு நாற்பதை விடுறதா எண்டு எறிய வாறதுக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும். இவையள் கோட்டில வந்து நிண்டுகொண்டு விரலை மடக்குவினம். இன்னொருத்தர் "எவ்வளவு, எவ்வளவு?" எண்டு பின்னால திரும்பிக் கேப்பார். ஆரைக் கேக்கிறார் எண்டு நினைக்கிறாய்? எங்களை.

ஓமடி, கணக்கு எழுதுறது பொம்பிளையள். "நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், எழுதுங்கோவன்" எண்டு தொடங்கினது. கரும்பலகைக்குப் பக்கத்தில கதிரை போட்டு, ஒரு கையில சோக்கட்டி, மற்றக் கையில றோல்ஸ். அதில ஒரு அக்கா, முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவ, எழுதி எழுதி இப்ப எந்த எண்ணைச் சொன்னாலும் முடிக்கிற வழியைச் சொல்லிப்போடுவா. 170 எண்டால் அறுபது, அறுபது, நடுப் புள்ளி, அதுதான் மூண்டு அம்பில முடிக்கக்கூடிய ஆகப் பெரிய எண். 169-ஐ முடிக்கேலாது, 168-ம் ஏலாது, 159-ம் ஏலாது. அது தெரியாமல் எங்கட அண்ணைமார் 159-ஐ விட்டுட்டுப் பெருமையாய்த் திரும்புவினம். எறிஞ்சவையை விட எழுதினவைக்கு ஆட்டம் விளங்கிப் போச்சு. ஆனால் அக்கா வாய் திறந்து "பத்தொன்பது எறியுங்கோ" எண்டால், "உமக்கென்ன தெரியும், றோல்ஸைக் கொண்டுவாரும்" எண்டுதான் மறுமொழி. சொன்னது சரியாய் இருந்தாலும் சொன்ன வாய் பொம்பிளையின்ரை வாய் எண்டால் காது அடைச்சுப்போடுது. ஒருத்தர் தேறாமல் இருக்கிறதுக்கு இதைவிட வேற காரணம் வேணுமே?

இடையில ஒரு விசயம், மறக்கமுதல் எழுதுறன். உன்ரை விறாந்தைப் பலகையை அளந்தவரோ? நடுப் புள்ளி நிலத்தில இருந்து 1.73 மீற்றர் உயரத்தில இருக்கவேணும், கோடு 2.37 மீற்றர் தள்ளி, அந்தத் தூரத்தைச் சுவரில இருந்து அளக்கப்படாது, பலகையின்ரை முகத்தில இருந்து அளக்கவேணும், கனபேர் பலகையின்ரை தடிப்பை மறந்து அதிலதான் பிழை விடுறது. நடுப் புள்ளியில இருந்து கோட்டுக்குச் சரிவாய் நூல் பிடிச்சால் 2.93 மீற்றர் வரவேணும், வந்தால் எல்லாம் சரி. பலகை சைசல் நார் எண்டால் மழைச் சாரல் படாத பக்கம் மாட்டச் சொல்லு, இருபது தேய்ஞ்சு கிடங்கு விழமுதல் இலக்க வளையத்தைக் கழட்டிப் பலகையைத் திருப்பி மாட்டட்டும். உன்ரை மனுசன் எரிஞ்சு விழுந்தால் அளவுநாடாவைக் கையில குடு.

குடியைப் பற்றி எழுத மறந்துபோனன் எண்டு நினைச்சிடாதை. இஞ்ச கடையில பியர் கிழமை நாளில இரவு எட்டு மணியோட நிப்பாட்டிப் போடுவினம், சனிக்கிழமை ஆறு மணியோட, அதால வேலையால வந்த கையோட ஓடிப்போய் வாங்கி அடுக்குவினம். ஒரு போத்தல் உள்ள போனால் கை நடுக்கம் நிக்குதாம். நிக்கும், ரெண்டாவதோட கணக்கும் நிக்கும். ஒரு காலத்தில உலகப் போட்டியிலயே மேடையில வைச்சுக் குடிச்சுப் புகைச்சு எறிஞ்சவைதான், எண்பதுகளின்ரை கடைசியில அதை நிப்பாட்டிப் போட்டினம். எங்கட நிலவறைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரேல்லை.

எண்டாலும் எல்லாத்துக்கும் எடுப்பையும் குடியையும் குற்றம் சொல்லேலாது, அதையும் எழுதத்தான் வேணும். எரிக் பிரிஸ்டோ எண்டு ஒருத்தர், 1980-க்கும் 1986-க்கும் இடையில அஞ்சு தரம் உலகச் சம்பியன், அவருக்கே ஒரு கட்டத்தில அம்பு விரலை விட்டுப் போகாமல் பிடிச்சுக்கொண்டுது. கை முன்னுக்குப் போகும், விரல் திறக்காது. டார்ட்டைட்டிஸ் எண்டு அதுக்குப் பேர். மனப் பயம் வந்து விரலில குந்துறது. எங்கட கூட்டத்திலயும் ஒருத்தருக்கு இது லேசாய் வந்திருக்கு, மற்றவை பகிடி பண்ணப் பண்ணக் கூடிப்போச்சு, பாவம், இப்ப அவர் சமையலறையில நிண்டு மிளகாய்ப் பொரியல் போடுறார், எறிய வாறேல்லை. பகிடி பண்ணுறது எங்கட ஆக்களுக்குப் பம்பல், எறியிறவனுக்கு அது தொண்டையில முள்ளு.

அந்தப் பிரிஸ்டோதான் பில் டெய்லரை வளர்த்தது. டெய்லர் ஸ்டோக் நகரத்தில கழிப்பறைச் சங்கிலிக்குப் பீங்கான் கைப்பிடி செய்யிற வேலையில இருந்தவர். பிரிஸ்டோ காசு குடுத்துப் பயிற்சிக்கு விட்டார், ஆனால் "இறுதி ஆட்டத்துக்கு வந்திட்டன்" எண்டு பொடியன் போன் அடிச்சால், வெண்டாப் பிறகு எடு எண்டு வைச்சுப்போடுவாராம். கைதட்டில்லை, முதுகில தட்டில்லை. 1990-ல உலக இறுதி ஆட்டத்தில அந்த டெய்லர் அந்தப் பிரிஸ்டோவையே ஆறுக்கு ஒண்டு எண்டு வெண்டு, மொத்தம் பதினாறு உலகப் பட்டம் எடுத்தார். எங்கட வீட்டில இவருக்கு இந்தக் கதை நல்லாய்ப் பிடிக்கும், அந்தப் போன் வைக்கிற கட்டம் வரேக்க மட்டும் சனலை மாத்திப்போடுவார்.

பொம்பிளை எறிஞ்ச கதையும் ஒண்டு இருக்கு, 2019 டிசம்பர், ஃபாலன் ஷெரக் எண்ட பிள்ளை அந்த அலெக்சாண்ட்ரா பலஸில டெட் எவெட்ஸ் எண்ட ஆம்பிளையை வெண்டவள், உலகப் போட்டியில ஒரு பொம்பிளை ஆம்பிளையை வெண்டது அதுதான் முதல் தரம். நாலு நாளிலயே அந்தச் சுல்யோவிச்சையும் வெண்டாள். அந்த ஆட்டத்தைத்தான் அக்காவும் நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தனாங்கள். 2025 டிசம்பரில இந்தியாவின்ரை நிதின் குமார் அங்க ஒரு ஆட்டம் வெண்டதையும் பார்த்தனாங்கள், ஒரு இந்தியர் அங்க வெண்டது அதுதான் முதலாம் தரமாம், நிலவறையில ஆம்பிளையள் எல்லாம் தாங்களே வெண்ட மாதிரி நிண்டினம்.

அதுக்குப் பிறகுதான் அக்கா வாயைத் திறந்து கேட்டா, வாற வெள்ளி நானும் எறியட்டே எண்டு. பகலில பிள்ளையள் பள்ளிக்குப் போனாப் பிறகு அவ அந்தப் பலகையில டபிள் பதினாறுக்கு மட்டும் எறிஞ்சு பழகிறது எனக்குத் தெரியும், ஆம்பிளையளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பேந்து பஸ் ஓட்டுற அண்ணை பெரிய மனசு பண்ணி, "சரி, பம்பலுக்குத்தானே, எறியட்டும்" எண்டார். எல்லாரும் தலையாட்டினம். பேந்துதான் ஆரோ கேட்டினம், அப்ப கணக்கு ஆர் எழுதுறது எண்டு. நானும் எறியப்போறன் எண்டு சொல்லிப்போட்டன். சோக்கட்டி மேசையிலதான் கிடக்குது, இன்னும் ஆரும் எடுக்கேல்லை.

அன்போட,
உன்ரை அவள்தான்,
ஸ்ட்ரோம்மன்